காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு

1. பச்சைத் தாடி

மட்டாஞ்சேரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒருவருடைய தாடியைப் பச்சையாக்கினேன். இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் ஒரு சின்னப் பிழை நேர்ந்தாலும் முகம் தொங்கிப்போகிறார்கள். அவர்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் இதிலிருந்து தொடங்குகிறேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தமிழ் எழுத்து தடுமாறும் என்று தெரியும். படிக்கத் தெரிந்த யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுபத்திரண்டாம் வருஷம். சொந்த ஊர் செங்கோட்டைப் பக்கம். பெயர் சங்கரலிங்கம். வயது இருபத்துநாலு. சவரக் கத்தி பிடிக்கவும் தெரியும், பெருமை அடித்துக்கொள்ளவும் தெரியும். இரண்டாவது கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

சலூன் முதலாளி பாஸ்கரன் சேட்டன். மூன்று நாற்காலி, மூன்று கண்ணாடி. தெருவில் இரண்டு பக்கமும் பாண்டிகசாலைகள், அதாவது சரக்குக் கிடங்குகள். சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்குகிற தூசியில் மதியத்துக்குள் கண்ணாடி மங்கிவிடும். நாற்காலியில் இருப்பவர் மூக்கைச் சுருக்கினால் உடனே கத்தியை எடுத்துவிட வேண்டும், தும்மல் வரப்போகிறது என்று அர்த்தம். சேட்டன் எனக்குச் சொன்ன முதல் பாடம் அதுதான்.

அன்று ஒரு சுக்குத் தரகர் வந்து உட்கார்ந்தார். பஞ்சுபோல் வெளுத்த தாடி. மயிலாஞ்சி போடச் சொன்னார். மருதாணிக்கு இங்கே அந்தப் பெயர். நான் விடவில்லை. "மருதாணி போட்டா செவப்பாத்தான் வரும். எங்க ஊர்ல அவுரின்னு ஒரு இலை இருக்கு, கறுகறுன்னு ஆக்கிடும்" என்றேன். ஊரிலிருந்து கொண்டு வந்த அவுரிப் பொடியைக் குழைத்து அப்படியே வெள்ளைத் தாடியில் அப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துக் கழுவினால், தாடி குளத்துப் படியில் பிடித்த பாசி நிறத்தில் இருந்தது.

தரகர் கண்ணாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இதுல மீன் வளர்த்தலாமா?" என்று கேட்டார்.

சேட்டன் ஓடி வந்தார். "எடா, முதல்ல மயிலாஞ்சி. அது பிடிச்ச பின்னெதான் நீலயமரி. நின்னெ யாரு இது படிப்பிச்சது?"

அவுரிக்கு இங்கே நீலயமரி என்று பெயர். யாரும் படிப்பிக்கவில்லை. எங்கள் வீட்டில் வெட்டவும் மழிக்கவும்தான் செய்தார்கள். அவுரி கறுக்கும் என்று யாரோ பேசிக்கொண்டிருந்ததைக் காதில் வாங்கியிருந்தேன், அவ்வளவுதான். சேட்டன் அந்தப் பச்சையின் மேலேயே மயிலாஞ்சி போட்டு ஒருவழியாகச் செம்மண் நிறத்துக்குக் கொண்டு வந்தார். தரகர் நல்ல மனிதர். அடுத்த மாதமும் வந்தார். என் நாற்காலிக்கு மட்டும் வரவில்லை.

2. இரண்டு இலைகளின் குணம்

தாடிச் சாயத்தில் நான் பிறகு பேர் வாங்கினேன். பெருநாளுக்கு முந்தின வாரம் எங்கள் கடை வாசலில் தாடிகள் வரிசையில் நிற்கும். அதனால் செய்முறையை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

மருதாணி பொறுமைசாலி. முந்தின நாளே தேயிலை டிக்காஷனும் எலுமிச்சைச் சாறும் விட்டு இரும்புச் சட்டியில் குழைத்து வைக்க வேண்டும். ஊற ஊறத்தான் அதற்கு நிறம். இரும்புச் சட்டியில் ஊறினால் நிறம் கொஞ்சம் அடர்த்தியாக இறங்கும். தாடி முடி தலைமுடியைவிட முரடு, சாயத்தைச் சீக்கிரம் உள்ளே விடாது. மூன்று மணி நேரமாவது தாடியில் இருக்க வேண்டும். கன்னத்து ஓரத்தில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டால் தோலில் கறை ஏறாது. ஆனால் எண்ணெய் தாடி முடியில் பட்டுவிடக் கூடாது. எண்ணெய் பட்ட இடத்தில் சாயம் பிடிக்காது.

அவுரி அவசரக்காரி. அதற்கு எலுமிச்சையும் ஆகாது, இரும்பும் ஆகாது. பீங்கான் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. குழைத்துக் கால் மணி நேரத்தில் மேலே நீலம் பூக்கும். அப்போதே தாடியில் ஏற்றிவிட வேண்டும். சாயா குடித்துவிட்டு வரலாம் என்று போனால் அது செத்துவிடும். முதலில் மருதாணி போட்டுக் கழுவிய தாடியில் ஒரு மணி நேரம் வைத்தால் தவிட்டு நிறம். இரண்டு மணி நேரம் வைத்தால் கறுப்புக்குப் பக்கத்தில் போகும்.

இன்னொன்று முக்கியம். அவுரியைக் கழுவியதும் தெரிகிற நிறம் அதன் நிறம் அல்ல. பச்சை கலந்த ஒரு மங்கல் இருக்கும். காற்றுப் பட்டு ஒரு நாள், ஒன்றரை நாள் ஆனால்தான் கறுக்கும். அதனால் கல்யாணமோ போட்டோவோ எதுவாக இருந்தாலும் இரண்டு நாள் முன்னால் வந்துவிடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்லுவேன். சொன்னது நான்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் வேறொரு சரக்கும் உண்டு. கறுப்பு மயிலாஞ்சி என்று பெயர் போட்ட பாக்கெட் பொடி. அட்டையில் இலைப் படம், உள்ளே இருந்தது ரசாயன மருந்து. அரை மணி நேரத்தில் நிறம் ஏறும். அவசரக்காரர்களுக்காகச் சேட்டன் வாங்கி வைத்திருந்தார். பத்துப் பேருக்கு ஒன்றும் செய்யாது. பதினோராவது ஆளுக்குத் தோல் பொங்கிவிடும். அந்தப் பதினோராவது ஆள் யார் என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும். எனக்கு ஒருவரைப் பற்றி முன்பே தெரிந்திருந்தது.

3. ராவுத்தர்

இபுராகிம் ராவுத்தர் கல்யாணங்களுக்குப் பிரியாணி வைக்கிற பண்டாரி. பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து அவருடைய அப்பா காலத்தில் கொச்சிக்கு வந்த குடும்பம். வீட்டில் தமிழ்தான். அதனாலேயே என் நாற்காலி காலியாகும்வரை மற்ற நாற்காலிகளைப் பார்க்காதவர்போல் உட்கார்ந்திருப்பார்.

முதல் தடவை அவர் தாடியில் மருதாணி பிடிக்கவே இல்லை. மூன்று மணி நேரம் வைத்துக் கழுவினால் பாதி வெள்ளை அப்படியே இருக்கிறது. நான் சட்டியைக் குறை சொன்னேன், இலையைக் குறை சொன்னேன். அவர் சிரித்தார்.

"நெய்யும் புகையும் இருபது வருஷமா என் தாடியில குடியிருக்கு தம்பி. ஒரே நாள்ல காலி பண்ணுன்னா பண்ணுமா?"

அதற்குப் பிறகு அவருக்கு மட்டும் முதலில் பயத்தமாவு போட்டு இரண்டு தடவை கழுவுவேன். கழுவுகிற தண்ணீரில் பிரியாணி வாசனை வரும். பக்கத்து நாற்காலிக்காரர்களுக்குப் பசி எடுத்துவிடும்.

அவருக்கு வேண்டிய நிறத்தை முதலிலேயே சொல்லிவிட்டார். "தனிக் கறுப்பு வேண்டாம். எங்க மார்க்கத்துல அது ஆகாது. தவிட்டு நெறம் போதும். வயசக் கொஞ்சம் மறைச்சுக்கலாம், படச்சவன ஏமாத்தக் கூடாது."

இன்னொன்றும் சொன்னார். "ஒருக்கா ஆலப்புழையில கல்யாண வேலைக்குப் போன எடத்துல ஒருத்தன் பாக்கெட்டப் பிரிச்சுத் தேச்சுவிட்டான். மொகம் அப்பம் மாதிரி உப்பிப்போச்சு. மூணு நாள் கண்ணு தொறக்க முடியல. எனக்கு இலை மட்டும்தான் தம்பி. ஞாபகம் வச்சுக்கோ."

ஞாபகம் வைத்துக்கொண்டேன். அவரும் என்னை நம்பி மட்டும் உட்காருகிறவர் அல்ல. தம் போட்ட பிரியாணிச் செம்பின் மூடியைத் திறக்காமலே, அரிசி வெந்துவிட்டதா என்று வாசனையில் சொல்லுகிற மூக்கு அது. ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தை வாங்கி ஒரு தரம் முகர்ந்து பார்ப்பார். "ம், போடு" என்று திருப்பித் தருவார். பிறகு கண்ணை மூடிக்கொள்வார். ஐந்தாறு வருஷம் இப்படியே போனது.

4. புதன்கிழமை

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ. மிதுன மாதம், நம் கணக்கில் ஆனி. அந்தக் காலத்தில் மட்டாஞ்சேரியில் யாரைப் பார்த்தாலும் கல்ஃப் பேச்சுத்தான். ராவுத்தருக்கும் ஒரு வழி வந்தது. அங்கே ஒரு கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்பில் சமையல் வேலை. பம்பாயிலிருந்து ஆள் வந்து எர்ணாகுளத்தில் ஒரு லாட்ஜில் வைத்து ஆட்களைப் பார்க்கப் போகிறார்கள். நாற்பத்தைந்து வயது ஆனவர்கள் வேண்டாம் என்று ஏஜென்ட் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ராவுத்தரின் பாஸ்போர்ட்டில் நாற்பத்துநாலு. உண்மையில் ஐம்பதைத் தாண்டி மூன்று வருஷம் ஆகியிருந்தது. கைகால் திடமாகத்தான் இருந்தது. தாடிதான் காட்டிக்கொடுத்தது.

அவர் இருந்தது ஒரு பழைய பாண்டிகசாலையின் மாடி அறை. மழைக்காலத்தில் அவர் மனைவி கட்டிலைச் சுவரிலிருந்து சுவருக்கு நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும், ஒழுகும் இடம் அப்படி மாறும். இடக்கொச்சியில் வாய்க்கால் கரையில் மூன்று சென்ட் நிலம் பார்த்து வைத்திருந்தார். "அங்க போய் நாலு வருஷம் சட்டி தூக்கினா போதும். அந்த மூணு சென்ட்ல ஒரு கூரை போட்டுருவேன். இத விட்டா எனக்கு வேற வண்டி இல்ல தம்பி" என்றார்.

வியாழக்கிழமை நேர்முகம். திங்கட்கிழமையே வந்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தேன். திங்கட்கிழமை வைப்பின் தீவில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை முழுக்கக் காற்றும் மழையும், படகு விடவில்லை. புதன்கிழமை காலையில்தான் கரையேறி, நனைந்த சட்டையோடு நேராகக் கடைக்கு வந்தார். கடுமையான ஜலதோஷம். மூக்கு இரண்டும் அடைத்துப் பேச்சே வேறு மாதிரி இருந்தது.

"நாளைக்குப் பத்து மணிக்கு. ஆகுமா?" என்று கேட்டார்.

ஆகும் என்றேன். ஆகாது என்று சொல்லுகிற பழக்கம் எனக்கு அப்போது இல்லை.

பயத்தமாவு, மருதாணி எல்லாம் முறைப்படி செய்தேன். மதியத்துக்குமேல் அவுரி ஏற்றினேன். ஒரு மணி நேரம் கழித்துக் கழுவினேன். செம்பட்டையின் மேல் பச்சை படர்ந்து, துருப்பிடித்த தகரம்போல் இருந்தது. முதல் நாள் அப்படித்தான் இருக்கும் என்பது தெரியும். ஆனால் அது நல்ல பொடிக்குப் பொருந்துகிற விதி. கொச்சி மழையில் உப்பு தண்ணீராகும், தீக்குச்சி பற்றாது. இந்த ஈரத்தில் என் டப்பாவில் இருந்த அவுரி செத்துவிட்டதோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. செத்திருந்தால் நாளைக்கும் இதே நிறம்தான். தரகரின் பாசித் தாடி கண் முன்னால் வந்து நின்றது.

ராவுத்தர் கண்ணை மூடித் தலையைச் சாய்த்திருந்தார். அவர் முதுகு கண்ணாடிப் பக்கம் வரும்படி நாற்காலியைத் திருப்பினேன். சேட்டன் வந்து எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "விட்டேக்கு. நாளெக்குக் கறுத்துக்கோளும்" என்றார். விடு, நாளைக்குத் தானாகக் கறுத்துவிடும் என்று அர்த்தம்.

"கறுக்கலேன்னா?"

"கறுக்கலென்னா அவரோட சொல்லு. அவரு தீர்மானிக்கட்டும்."

இரண்டு வழி இருந்தது. இரண்டையும் சேட்டன் சொல்லிவிட்டார். காத்திருப்பது ஒன்று, ராவுத்தரிடம் சொல்லுவது மற்றொன்று. நான் பின்னறைக்குப் போய்ப் பாக்கெட்டைப் பிரித்தேன். ராவுத்தருக்காகத்தான் செய்கிறேன் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் பேருக்காகச் செய்தேன். தாடியில் சங்கரலிங்கம் தோற்றான் என்று தெருவில் ஒருவரும் பேசிவிடக் கூடாது. அதுதான் காரணம். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

பொடியை மிச்சமிருந்த மருதாணியில் கலந்து கொண்டு வந்தேன்.

"இன்னொரு கை போடணும் அண்ணே."

அவர் வழக்கப்படி கிண்ணத்துக்குக் கை நீட்டினார். மூக்கருகே கொண்டுபோனார். இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஒண்ணும் மணக்கல தம்பி. சளி. இலைதானே?"

"இலைதான் அண்ணே."

"நீ சொன்னாச் சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அரை மணி நேரம். அவசரத்தில் பூசியதால் கழுத்துத் துண்டு மூடியிருந்த இடது காதுமடலுக்குக் கீழே ஒரு விரல் அகலம் விட்டுப்போனதை நான் கவனிக்கவில்லை. கழுவியதும் அருமையான தவிட்டு நிறம். நாற்காலியைத் திருப்பினேன். அவர் கண்ணாடியில் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"நிக்காஹ் அன்னிக்குக்கூட நான் இவ்வளவு நல்லா இல்ல" என்றார்.

சேட்டன் தன் நாற்காலிக்காரரின் தலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

5. நெய்ச்சோறு

வியாழக்கிழமை மதியம் படகிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கு வந்தார். தேர்வாகிவிட்டார். வயதைப் பற்றிப் பேச்சே எழவில்லையாம். சனிக்கிழமை காலையில் எர்ணாகுளத்தில் மெடிக்கல், அது முடிந்தால் விசா. சாயங்காலம் வாழையிலையில் கட்டி நெய்ச்சோறு கொண்டு வந்து கொடுத்தார். சேட்டன் வயிறு சரியில்லை என்றார். நான் சாப்பிட்டேன். முந்திரியும் வறுத்த வெங்காயமும் தூக்கலாகப் போட்டிருந்தார். நன்றாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் நன்றாகத்தான் இருந்தது.

6. காகிதம்

சனிக்கிழமை பதினொரு மணி இருக்கும். ஒருவருக்குப் பாதிக் கன்னம் மழித்திருந்தேன். வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். சலூன் வாசலில் பெண்கள் நிற்பது அந்தத் தெருவில் வழக்கம் இல்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். ராவுத்தரின் மனைவி சைனபா. முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் ஒரு துண்டுக் காகிதம் வைத்திருந்தார்.

"சங்கரன் தம்பி நீங்கதானே?"

"ஆமாக்கா."

"மொகமெல்லாம் வீங்கிப்போச்சு. நேத்துக் காலையில அரிப்பு. ராத்திரியெல்லாம் எரியுது எரியுதுன்னார். விடியும்போது ரெண்டு கண்ணும் மூடிருச்சு. அப்படியே துண்டச் சுத்திக்கிட்டு மெடிக்கலுக்குப் போனார். அங்க இருந்த டாக்டர் தோல் வியாதின்னு எழுதித் திருப்பி அனுப்பிட்டார்."

மூச்சு வாங்கியது. ஓடி வந்திருக்கிறார்.

"இப்ப இங்க அரசாங்க ஆஸ்பத்திரியில இருக்கார். என்ன போட்டீங்கன்னு டாக்டர் கேக்கறார். இலைதான்னு இவர் சொல்றார். என்ன இலைன்னு எழுதி வாங்கிட்டு வாங்கன்னாங்க. எழுதித் தாங்க தம்பி."

காகிதத்தை வாங்கினேன். கடையில் நான்கு பேர் இருந்தார்கள். எல்லாரும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேட்டனும் பார்த்தார். நான் மலையாளத்தில் எழுதினேன்: மயிலாஞ்சி, நீலயமரி. இரண்டும் பொய் அல்ல. மடித்துக் கொடுத்தேன்.

"நல்லா இருப்பீங்க" என்று சொல்லிவிட்டு அவர் மழையில் இறங்கி ஓடினார்.

மிச்சக் கன்னத்தை மழிக்க வந்தேன். கத்தியை வைத்த இடத்திலேயே வைத்திருந்தேன் போலிருக்கிறது. நாற்காலிக்காரர் "எந்தா, உறங்கியோ?" என்றார். அப்போதுதான் அந்தக் காகிதம் என்ன செய்யும் என்று எனக்கு உறைத்தது. டாக்டர் அதை நம்புவார். இலைக்குத்தான் இந்த வீக்கம் என்று முடிவு செய்வார். ராவுத்தர் இனி ஆயுசுக்கும் மருதாணியைத் தொட மாட்டார். இன்னொரு நாள் இன்னொருவன் கறுப்பு மயிலாஞ்சியைப் பூசினால் அது யாருக்கும் ஞாபகத்துக்கு வராது.

சேட்டன் என்னிடமிருந்து கத்தியை வாங்கிக்கொண்டார். திட்டவில்லை. "இத நான் முடிக்கலாம். நீ செல்லு" என்றார்.

பின்னறையிலிருந்து அந்தக் காலிப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். குடை எடுக்கத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். முகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு கண்ணும் கோடு. உதடு புரண்டிருந்தது. தாடிக்கு அடியில் தோல் வெடித்து நீர் வடிந்தது. டாக்டர் கையில் என் காகிதம் இருந்தது. நான் பாக்கெட்டை நீட்டினேன்.

"இதுவும் போட்டேன் சார்."

டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இது இலையா?" என்றார்.

"இல்ல சார்."

"இவருக்கு இது ஒத்துக்காதுன்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

அவர் நர்ஸைக் கூப்பிட்டுத் தாடியை முழுக்க வெட்டி எடுக்கச் சொன்னார். நர்ஸ் கத்தரியைத் தேடினார். "நான் எடுக்கறேன்" என்றேன். அந்த இடத்தில் எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

அந்தத் தோலில் வலிக்காமல் வெட்டுவதற்கு ஒரு மணி நேரம் பிடித்தது. இடது காதுமடலுக்குக் கீழே வந்தபோது கத்தரி நின்றுவிட்டது. நான் பொடி பூசாமல் விட்டுப்போன ஒரு விரல் அகலம். அங்கே தோலில் வீக்கம் குறைவு. முடி நல்ல தவிட்டு நிறத்தில் இருந்தது. மருதாணியும் அவுரியும் மட்டும் பட்ட முடி அது. இலை சாகவில்லை. சேட்டன் சொன்ன மாதிரியே மறுநாள் தானாகக் கறுத்திருக்கிறது. என்னால் ஒரு ராத்திரி பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ராவுத்தர் என் கை பட்டதிலிருந்தே நான்தான் என்று தெரிந்துகொண்டிருக்கிறார். டாக்டரிடம் நான் சொன்னதும் அவர் காதில் விழுந்திருக்கிறது. புரண்ட உதட்டால் மெல்லச் சொன்னார்.

"நான் கேட்டேனே தம்பி."

"ஆமாண்ணே."

"இலை பிடிக்கலன்னு சொல்லியிருந்தா செவப்புத் தாடியோட போயிருப்பேன். எடுத்தா எடுக்கறான், இல்லேன்னா விடறான். அது என் பாடு."

சைனபா அக்கா வெட்டிய முடியை எல்லாம் அந்தத் துண்டுக் காகிதத்திலேயே கூட்டி எடுத்துக்கொண்டு போனார்.

7. பொட்டு

வீக்கம் வடிய இரண்டு வாரம் ஆனது. அதற்குள் அந்த வேலைக்கு வேறு ஆள் போய்விட்டார். மறு வருஷம் பாஸ்போர்ட்டிலேயே வயது நாற்பத்தைந்து ஆகிவிட்டது. பிறகு யாரும் அவரைக் கூப்பிடவில்லை. இடக்கொச்சியில் அந்த மூன்று சென்ட் வேறு யாருக்கோ போனது. அந்தப் பாண்டிகசாலை மாடியிலேயே அவர்கள் இருந்தார்கள். மழைக்குக் கட்டில் நகர்ந்துகொண்டே இருந்தது. இதை நான் விதி மேலும் மழை மேலும் போட முடியாது. படகு ஓடாதது மழையால். மற்றது என்னால்.

வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறேன் என்று சேட்டனிடம் சொன்னேன். "போயால் என்ன சரியாகும்?" என்றார். இருந்தேன். மிச்சமிருந்த பாக்கெட்டுகளை அவர் அன்றைக்கே கொண்டுபோய்க் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஏழெட்டு மாதம் ராவுத்தர் எங்கள் தெருப் பக்கம் வரவில்லை. வேறு எங்கோ வெட்டிக்கொள்கிறார் என்று நினைத்தேன். ஒருநாள் வந்தார். தாடி திரும்ப வளர்ந்து முழு வெள்ளையாக இருந்தது. இரண்டு நாற்காலி காலி. வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். வெட்டி ஒழுங்கு செய்தேன். முடித்ததும் அவர் எழுந்திருக்கவில்லை.

"பெருநாள் வருது. மயிலாஞ்சி போடணும்" என்றார்.

"இன்னிக்கு வேண்டாம் அண்ணே. காதுக்குப் பின்னால ஒரு பொட்டு வைக்கறேன். ரெண்டு நாள் பாருங்க. ஒண்ணும் செய்யலேன்னா வாங்க."

"ரெண்டு நாளா?"

"ரெண்டு நாள்."

"நீ பொறுப்பியா?" என்று கேட்டார். கேலி மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. தலையைத் திருப்பிக் காதைக் காட்டினார். இலையை மட்டும் குழைத்து, பயறு அளவு ஒரு பொட்டு வைத்தேன். இரண்டு நாள் கழித்து வந்தார். காதுக்குப் பின்னால் செக்கச்செவேலென்று ஒரு வட்டம். அரிப்பில்லை, வீக்கமில்லை.

அன்றிலிருந்து யார் வந்தாலும், எந்தச் சாயமானாலும், முதலில் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு, பிறகு இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டேன். கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்கள் உண்டு. போகட்டும் என்று விட்டேன். குழைப்பதைப் பின்னறையில் செய்யக் கூடாது, உட்கார்ந்திருப்பவர் கண் முன்னால் செய்ய வேண்டும். நிறம் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட வேண்டும். அந்தத் தாடி அவருடையது, அதோடு எங்கே போவது என்பதும் அவர் தீர்மானிக்க வேண்டியது. தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் கை பழகப் பழக வந்துவிடும்.

எண்பத்தாறில் நான் தனிக்கடை போட்டு எர்ணாகுளத்துக்குப் போகும்வரை, ஏழு வருஷம், ராவுத்தர் என்னிடம்தான் தாடிக்குச் சாயம் போட்டுக்கொண்டார். முன்பெல்லாம் கிண்ணத்தை முகர்ந்து பார்த்தால் அவருக்குப் போதும். அதற்குப் பிறகு முகரவும் செய்தார், கேட்கவும் செய்தார்.

"இலைதானே?"

"இலைதான் அண்ணே."

சொன்ன பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். அதன் பிறகுதான் கண்ணை மூடுவார்.